நாலு மணிப் பாட்டு

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றுதான் அவர் பேச்சையே தொடங்கினார். நான் அப்போது பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக ஊசி போட்டு, மருந்து ஏறட்டும் என்று வெளியே அனுப்பியிருந்தார்கள். இடது தாடை முழுக்க மரத்துப்போய், வாயோரம் எச்சில் வழிகிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தேன். மறு கையில் போன்.

"உங்க நிகழ்ச்சிக்கு எங்க வீட்டால கெட்ட பேர் வந்துடுச்சு. நீங்க பாவம், எவ்வளவோ ஜாக்கிரதையாத்தான் பண்ணீங்க. எங்க வீட்டம்மாதான் அவங்க அக்காகிட்ட உளறிட்டா. அக்கா மருமகன் எங்க கம்பெனியிலதானே பேக்கிங்ல இருக்கான், அவன் மூலமாத்தான் போயிருக்கு. இன்னைக்குக் காலையில என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அது கிடக்கட்டும், விடுங்க. இனிமே உங்களை நம்பி எவன் வாயைத் திறப்பான்? அதான் மனசு கேக்கல."

'அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே' என்று சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு யாருடையதோ போலக் கிடந்தது. "ம்", "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதை என் கோபம் என்று எடுத்துக்கொண்டார் போலும். இன்னும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இந்தா, வச்சுடு" என்று யாரிடமோ சொன்னார். போன் நின்றது. அந்த யாரோ அவருடைய மனைவி. முப்பது வருஷம் மருந்துக் கம்பெனி ஸ்டோரில் டிரம் உருட்டி, ரசாயனம் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. போன் திரை அவர் விரலை விரலாகவே மதிக்காது. எண்ணைத் தட்டிக் கொடுப்பதும், பேசி முடித்ததும் நிறுத்துவதும் எப்போதும் அவள்தான்; நான் அக்கா என்று கூப்பிடுவது அவளைத்தான். அவளைக் குற்றம் சொன்ன அந்தப் பேச்சுக்கும் அவளேதான் எண்ணைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

வேலை போன அன்றே, வேலை போகக் காரணமாக இருந்தவளைக் கூப்பிட்டு ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்டார். காரணம் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

பத்தொன்பது வருஷம் நான் பத்திரிகையில் இருந்தேன். ஊழல், கலப்படம், காணாமல்போன கோப்பு என்று எவனெவன் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டே இளமை போயிற்று. பத்திரிகை அச்சாவது நின்றதும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாட்காஸ்ட் தொடங்கினோம். சாவி நகல் எடுக்கும் கடைக்கு மேலே மூன்று அறை. சாமான் போடும் அறையின் சுவரெல்லாம் பழைய கம்பளிகளை ஆணியடித்து அதையே ஒலிப்பதிவு அறை ஆக்கினோம். கீழே சாவி அறுக்கும் மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் பேச முடியும். எங்கள் ஆசிரியருக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டித்தான் திருப்பிக் கொடுப்பார். எனக்குக் 'காது' என்று பெயர். விசாரிப்பது, பேச வைப்பது, ஒலியை வெட்டி ஒட்டுவது எல்லாம் நான்தான். என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எழுத்தில் ஆளை மறைப்பது சுலபம். 'பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்' என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆள் காற்றோடு போய்விடுவார். ஒலியில் அது நடக்காது. மூக்கடைப்பு காட்டிக் கொடுக்கும். இருமல் காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'வந்து, வந்து' என்று இழுப்பது காட்டிக் கொடுக்கும். அதனால் மறைக்க வேண்டிய ஆள் என்றால் அவர் சொன்னதை அப்படியே எழுதி, வேறு ஒரு நாடக நடிகரைப் பேச வைப்போம்.

ஸ்டோர்காரர் சொன்ன கதை சின்னதுதான். குழந்தைகளுக்கான இருமல் மருந்து தயாரிக்கும் கம்பெனி அது. காலாவதியான மூலப்பொருள் டிரம்களைத் திருப்பி அனுப்பாமல், லேபிளை உரித்துவிட்டுப் புதுத் தேதி ஒட்டினார்கள். ஒட்டியது அவருடைய ஸ்டோரில். ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட தாள் அவருடைய ரிஜிஸ்டரில். எங்கோ ஒரு ஊரில் பதினோரு குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பேப்பரில் படித்துவிட்டு, மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறார். நாலாம் நாள் அந்த அக்காதான் எங்கள் அலுவலக எண்ணைத் தேடித் தட்டிக் கொடுத்திருக்கிறாள். "பேசுங்க, வயித்துல வச்சுக்கிட்டு இருந்தா அதுவே விஷமாயிடும்" என்று அவள் சொன்னது போனில் எனக்கே கேட்டது.

அவர்கள் வீட்டில்தான் பதிவு செய்தேன். இரண்டாம் மாடி, இரண்டே அறை. சமையலறை அலமாரியில் டப்பாவுக்கு டப்பா லேபிள். சர்க்கரை, திறந்த தேதி. மிளகாய்த்தூள், திறந்த தேதி. ஸ்டோர் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. "என் நெத்தியில மட்டுந்தான் இன்னும் ஒட்டல தங்கச்சி. நானும் காலாவதி ஆகி ரொம்ப நாளாச்சு" என்று அக்கா தேநீரை நீட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மூன்று மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோது சட்டை முதுகெல்லாம் ஈரம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் எல்லோரையும் ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்வோம். மௌனம் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூச்சு இருக்கும். மின்விசிறி, தூரத்துத் தெரு, குழாய் சொட்டு என்று என்னென்னவோ. வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த மூச்சைப் போட்டு நிரப்பினால்தான் கேட்பவருக்கு ஒட்டுத் தெரியாது.

"ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாதுக்கா" என்றேன்.

"யாரும்னா, அவருமா?"

"ஆமாக்கா, அவருந்தான்."

"அவரு பேசாம இருக்கறதைப் பிடிக்க மிஷின் வேறயா? இருபத்தேழு வருஷமா எனக்குப் பழக்கந்தானே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு மூவரும் அமைதியானோம். அக்கா பாதி துடைத்த தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். நிமிஷம் முடியப்போகும் நேரத்தில் சுவர்க் கடிகாரம் நாலு மணிக்கான பாட்டைப் பாடியது. பொம்மைக் கடையில் கேட்பது போன்ற சின்ன மெட்டு. நடுவில் ஒரு இடத்தில் சுரம் சறுக்கி, தடுக்கி விழுந்து எழுந்தது. அவர்கள் இருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. தினமும் கேட்கிற சத்தம் காதில் விழாது. எனக்கு விழுந்தது. அடடா, என்ன அழகு என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

எங்கள் ஒலிப்பதிவு அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'மறைக்க வேண்டிய ஆளின் வீட்டு மௌனத்தை ஒருபோதும் போடாதே. வேறு வீட்டிலிருந்து கடன் வாங்கு.' என் கையெழுத்துதான். எழுதி ஒட்டியதே நான்தான்.

நடிகர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் கம்பளி அறைக்குள் பேசிய பேச்சில் உயிர் இல்லை. வேறு வேறு வீட்டு மௌனங்களை அடியில் போட்டுப் பார்த்தேன். பதினொன்று போட்டேன். எதுவும் ஒட்டவில்லை, பொய் பல்லிளித்தது. பன்னிரண்டாவதாக, சும்மா பார்ப்போமே என்று, ஸ்டோர்காரர் வீட்டு மௌனத்தைப் போட்டேன். நடிகர் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். "குழந்தைங்க குடிக்கிற மருந்துங்க அது" என்று அவர் சொல்லி நிறுத்திய இடத்தில், வைத்தாற்போல, அந்தக் கடிகாரம் பாடியது. சுரம் சறுக்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கதவில் ஒட்டிய தாளை அந்த நேரம் நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். கடிகாரம் எந்த வீட்டில்தான் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்தரிகூட அந்த இடத்தில் கை வைக்கவில்லை. "இதை வெட்டுனா பாவம்" என்றார்.

நிகழ்ச்சி வெளியாகி இரண்டு வாரத்தில் அவருக்கு வேலை போயிற்று. நாலு மாதத்தில் கம்பெனியை மூடினார்கள். வழக்கு நடந்தது, இரண்டு மேலதிகாரிகள் உள்ளே போனார்கள். எங்களுக்கு அடுத்த வருஷம் விருது கிடைத்தது. நடுவர் குழுவின் தாளில், 'அந்த ஒற்றைக் கடிகாரம் எந்த வாக்குமூலத்தையும்விட அதிகம் பேசிவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினோம்.

விருது வாங்கிய கையோடு, மூடிய கம்பெனியின் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று இரண்டாவது தொடருக்கு விசாரிக்கக் கிளம்பினேன். பழைய போர்மேன் வீட்டுக்குப் போனேன். வேலை போன கோபத்தை என்மேல்தான் முதலில் கொட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு ஆறி, நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பேச ஆரம்பித்தார். பேச்சு நடுவில் சுவரில் நாலு மணி அடித்தது. அதே மெட்டு. அதே இடத்தில் சறுக்கியது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார். "என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? உங்க நிகழ்ச்சியில பாடுச்சே, அதேதான். இருபத்தஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்குக் கம்பெனி குடுத்தது. ஆறே பேர். ஆறும் ஒரே பெட்டியில வந்த சரக்கு, ஆறுலயும் பாட்டு அந்த இடத்துல நொண்டும். எங்க கம்பெனி குடுத்ததாச்சே, வேற எப்படி இருக்கும்?"

"அப்ப... கம்பெனியில?"

"கேட்ட அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. மேனேஜர் ரூம்ல போட்டுக் காமிச்சாரு. எங்க ஆறு பேர்ல ரெண்டு பேர் செத்துட்டாங்க. மூணு பேர் ஸ்டோர் பக்கமே போனதில்ல. மிச்சம் யாரு? இதுக்கு ஜோசியமா பாக்கணும்?"

"அவரோட வீட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு..." என்று இழுத்தேன்.

"யாரு சொன்னா? அந்தம்மாவா? அதோட அக்கா மருமகன் ஒரு வாயில்லாப் பூச்சி. அவன் எங்க யாருகிட்டயும் மூச்சு விடல. ஏம்மா, அவரு அப்படியா நினைச்சுக்கிட்டிருக்காரு?"

அன்று மாலையே கத்தரியிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. விருதுச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிய தெரிஞ்சா கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார். "அவருகிட்ட மட்டும் சொல்றேனே" என்றேன். "ஒருத்தருகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. இப்ப நாலு பேர் நம்மை நம்பிப் பேசியிருக்காங்க, அவங்க பயந்து ஓடிட்டா? தொடர் முடியட்டும். மூணே மாசம். நானும் வரேன், ரெண்டு பேருமாப் போய்க் கால்ல விழுந்துடுவோம்." எங்கள் வக்கீலும் அதையே வேறு பாஷையில் சொன்னார். கத்தரியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கும் அந்தச் சாக்கு வேண்டியிருந்தது. அவர் நீட்டினார், நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள். அலுவலக மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். கீழே சாவி மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, உங்களைத் தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. அவரு என்கிட்ட பேசறதில்ல."

"எத்தனை நாளாக்கா?"

"அன்னைக்கு உங்ககிட்ட பேசிட்டு 'வச்சுடு'ன்னாரே, அதான் கடைசி. ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆச்சு. திட்டல, கை நீட்டல. திட்டினாலாவது தேவலைன்னு இருக்கு. சாப்பாடு வச்சா சாப்பிடறாரு. டப்பாவுல தேதி எழுதி ஒட்டறாரு. ஆனா நான்னு ஒருத்தி அந்த வீட்டுல இல்ல."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"தப்பு என்மேலதான். நான் இல்லைங்கல. எங்க அக்காகிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், 'அந்த நிகழ்ச்சியைக் கேளு, பேசினவரு யாருன்னு தெரிஞ்சா நீ பெருமைப்படுவே'ன்னு. பெருமை தாங்கலை தங்கச்சி, வேற ஒண்ணுமில்ல. ஒரு மனுஷி தன் புருஷனை நினைச்சு ஒருநாள் பெருமைப்படக் கூடாதா? அது இப்படி வந்து முடியும்னு எனக்கு என்ன தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உங்க பேச்சுக்கு அவரு மதிப்புக் குடுப்பாரு."

சொல்வதற்கு அதுதான் இடம். அதுதான் நேரம். 'அக்கா, நீங்க இல்ல, நான்தான்.' நாலே வார்த்தை. இந்தத் தடவை என் வாய் மரத்திருக்கவில்லை. ஒலிப்பதிவுக்கு முன்னால் குடித்த வெந்நீரில் தொண்டைகூடச் சுத்தமாக இருந்தது. "நான் பேசறேன்க்கா" என்றேன். "கட்டாயம் பேசறேன். கொஞ்சம் வேலை முடிஞ்சதும் நேர்லயே வரேன்." அவள் நாலு தடவை நன்றி சொன்னாள். நன்றி! அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு படியேறிப் போய், மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தை வெட்டி ஒட்டினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று மாதம் என்றது நாலானது, ஐந்தானது. ஒரு பாகம் தள்ளிப் போயிற்று, ஒரு ஆள் பேச மறுத்தார், எனக்குக் காய்ச்சல் வந்தது. சாக்குக்கா பஞ்சம்? இதற்கிடையில் அக்கா தன் அக்கா வீட்டுக்கே போய்விட்டாள் என்று போர்மேன் சொன்னார். பிறகு ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டு, "ஸ்டோர்காரரோட வீட்டம்மா போயிட்டாங்கம்மா" என்றார். தன் அக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், மார் வலிக்கிறது என்று சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் சாவுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகையிலும் பாதி எனக்காகத்தான் என்று எனக்கே தெரிந்தது. அதற்கும் பிறகு மூன்று மாதம் ஓட்டினேன். கடைசியில் கத்தரியிடமும் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் எழுந்து போனேன்.

அவரே கதவைத் திறந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "வாங்கம்மா, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இளைத்து, பாதியாகியிருந்தார். சமையலறை அலமாரியில் டப்பாக்கள் அப்படியே இருந்தன. லேபிள்களில் கடைசித் தேதி அவள் அந்த வீட்டை விட்டுப் போன மாதத்தோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எந்த டப்பாவையும் திறந்து புதிதாகக் கொட்டவில்லை போலும். தேநீர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குத் தேநீர் போட அவர் எழுந்திருந்தால் நான் அப்படியே ஓடிப்போயிருப்பேன்.

"அக்கா விஷயம் கேள்விப்பட்டேன்" என்றேன்.

"ஆமாம்மா." மாறிப் போட்டிருந்த பொத்தானைத் தடவினார். "நான் பேசியிருக்கணும். இப்பத் தோணுது. ஒரு வார்த்தை வாய் தவறி வந்துடுச்சு, அதுக்கு இவ்வளவா? ஆனா அவளைப் பாக்கறப்பல்லாம் ஸ்டோர் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வந்த அந்தக் காலைதான் ஞாபகம் வரும். இன்னைக்குப் பேசிடலாம், நாளைக்குப் பேசிடலாம்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன். உங்களுக்குப் புரியாது."

புரியாதாம். எனக்கு!

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அப்போது தலைக்கு மேலே நாலு மணி அடித்தது. மெட்டு முழுசாகப் பாடி, நடுவில் நொண்டி, நின்றது.

"அண்ணே, இப்ப ஒரு பாட்டுக் கேட்டுதே."

"எங்க? பக்கத்து வீட்டுலயா?"

அவர் காதில் அது விழவேயில்லை. நான் போனை எடுத்து நிகழ்ச்சியில் அந்த இடத்தை வைத்து ஓட்டினேன். தன் வார்த்தையை இன்னொருத்தன் வாயால் கேட்கப் பிடிக்காமல் முதல் பாகத்தோடு அதை நிறுத்திவிட்டதாக முன்பே சொல்லியிருந்தார். இந்த இடத்தை அவர் கேட்டதில்லை. குழந்தைங்க குடிக்கிற மருந்துங்க அது, என்றார் நடிகர். கடிகாரம் பாடியது. ஸ்டோர்காரர் முதலில் போனைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சொல்வது கஷ்டமாக இல்லை. கதவில் ஒட்டிய தாள், பன்னிரண்டாவது மௌனம், ஆறு கடிகாரம், மேனேஜர் அறை, வாயில்லாப் பூச்சியான மருமகன், எல்லாவற்றையும் சொன்னேன். "அக்கா சொன்னதுனால எதுவும் நடக்கலண்ணே. நான்தான். நான் மட்டுந்தான்." அவர் ஸ்டோரில் சரக்கைச் சரிபார்ப்பவர் போல ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு மாசம் ஆச்சு."

அவர் உதடு அசைந்தது. எட்டிலிருந்து மூன்றைக் கழிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அந்தக் கணக்கு மனப்பாடம்.

"அஞ்சு மாசம்" என்றார்.

"அக்கா எனக்குப் போன் பண்ணாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. சொல்றேன்னு சொன்னேன்."

"அவளுக்காவது சொன்னீங்களா? அவ மேல தப்பில்லன்னு?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேனா, அழுவார் என்று எதிர்பார்த்தேனா, தெரியாது. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர் மாதிரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"அன்னைக்கு எடுத்தீங்களே, முழுசும் இருக்கா? அவ பேசினது?"

இருந்தது. அழிக்க வேண்டிய பதிவு. அழிப்பதாகத்தான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதையும் நான் செய்யவில்லை. தேடி எடுத்து, போனை மேஜையில் அவர் முன்னால் வைத்தேன்.

'ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாதுக்கா' என்றது என் குரல்.

'யாரும்னா, அவருமா?'

அவர் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

'அவரு பேசாம இருக்கறதைப் பிடிக்க மிஷின் வேறயா? இருபத்தேழு வருஷமா எனக்குப் பழக்கந்தானே.' அவருடைய சிரிப்பு. அதன்மேல் அவளுடைய சிரிப்பு. பிறகு மௌனம். மின்விசிறி சுற்றியது. குழாய் சொட்டியது. எங்கோ ஒரு வண்டி பின்னால் நகர்ந்தது. காதைக் கூர்மையாக்கினால், பாதி துடைத்த தட்டில் அவள் விரல் நகம் லேசாக உரசுவது கேட்கும். நான் அந்தப் பதிவை நூறு தடவையாவது கேட்டிருப்பேன், அந்த உரசலை அன்றுதான் கேட்டேன். கடிகாரம் பாடியது, நொண்டியது, நின்றது. 'போதும்க்கா, இனி பேசலாம்' என்றது என் குரல், உற்சாகமாக. அதோடு பதிவு முடிந்தது.

அவர் வலது ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, மறுபடி கேட்பதற்காகப் பதிவைப் பின்னால் இழுத்தார். திரை அசையவில்லை. மறுபடி இழுத்தார். அசையவில்லை. நான் உதவலாமென்று என் விரலை நீட்டினேன். அவர் போனைத் தன் பக்கமாக இழுத்து இன்னொரு கையால் மறைத்துக்கொண்டார். விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார், வாயருகே கொண்டுபோய் ஊதினார், மறுபடி திரையில் வைத்துத் தேய்த்தார்.